ஆவணியில் எடுக்க இருந்த வண்டி

கார் ஷோரூம் வேலை என்பது, வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு முடிவெடுக்க உதவுகிற வேலை. நீங்களும் ஒருநாள் அந்த மெத்தை நாற்காலியில், கையில் மோர்த் தம்ளரோடு, எதிரே இருப்பவன் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்று முழித்திருப்பீர்கள். எதிரே இருந்தவன் நான்தான். அதற்கு முன்பு ஒரு நாளிதழின் தாலுகா நிருபர். மழை இல்லை, பஸ் இல்லை, டாக்டர் இல்லை என்று எழுதியே தலை நரைத்தது. பேப்பரில் பக்கங்களைக் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள். பேசத் தெரிந்த ஆள் என்று அருப்புக்கோட்டை பைபாஸ் ஓரத்து ஷோரூமில் சேர்த்துக்கொண்டார்கள். பெட்ரோல் இன்ஜினும் பேட்டரியும் மாறி மாறி இழுக்கிற ஹைபிரிட் காரை விளக்கிச் சொல்வது என் பங்குக்கு வந்தது.

திருட்டுப் பூனை

ஹைபிரிட்டை நான் முதலில் காட்டியது திருச்சுழிப் பக்கத்து ரோடு கான்டிராக்டர் ஒருவருக்கு. பட்டனை அமுக்கினேன். "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். பண்ணியாயிற்று என்றேன். நம்பாமல் பானட்டில் காதை வைத்துப் பார்த்தார். மெதுவாகப் போகும்போது பேட்டரியில் ஓடும், சத்தமே வராது, அதுதான் இதன் பெருமை என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன்.

அவர் முகம் சுருங்கியது. கூட வந்தவர்களை ஒரு முறை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "வண்டி வந்து நின்னா தெருவே எட்டிப் பாக்கணும்யா. திருட்டுப் பூனை மாதிரி வந்து நிக்கிறதுக்கா இம்புட்டு ரூவா?"

காலை நீட்ட இடம்

எம்.ரெட்டியபட்டி ராமசாமி அண்ணாச்சி வந்தது பங்குனி வெயிலில். பருத்தியும் கம்பும் போடுகிறவர். கூட அவர் மனைவி கிருஷ்ணம்மா. மதினி என்றுதான் கடைசிவரை கூப்பிட்டேன். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. டயாலிசிஸுக்காக வாரத்தில் மூன்று நாள் மதுரைக்குப் போய் வரவேண்டும். வீட்டில் இருப்பது பழைய டீசல் ஜீப். போகும்போது உட்கார்ந்துகொள்வார். திரும்பும்போது உடம்பு துவண்டிருக்கும். ஜீப்பின் குலுக்கலில் வழியெல்லாம் வாந்தி.

அண்ணாச்சி வண்டியைச் சுற்றி வந்து, ஒரு டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, "ஹைபிரிட்னு பருத்தி விதை வாங்கினோம். முத வருசம் காய்ச்சுது. மறுவருசம் அதுல எடுத்த விதையப் போட்டா சரியா வரல. இது எப்படி? எங்க ஊரு கரண்டுக்குத் தாங்குமா?" என்றார். இதற்குக் கரண்டே தேவையில்லை, பிரேக் போடும்போதும் இன்ஜின் ஓடும்போதும் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் என்றேன். மதினி ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையைச் சேலையால் மூடிக்கொண்டு குறுக்கே வந்தார்: "இவுக பருத்திக் காட்டை விட்டு வெளிய வரமாட்டாக, தம்பி. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இதுல காலை நீட்டிப் படுக்க முடியுமா?"

ஒரு ரவுண்டு

டெஸ்ட் டிரைவுக்கு மதுரையிலிருந்து நேரே வந்தார்கள், டயாலிசிஸ் முடிந்த உடம்போடு. அப்போது பார்த்தால்தான் தெரியும் என்பது அண்ணாச்சியின் கணக்கு. மதினியைப் பின்சீட்டில் படுக்க வைத்து, தலைக்கு அவருடைய துண்டைச் சுருட்டி வைத்தார். நான் ஓட்டினேன். திருச்சுழி ரோட்டில் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். வேகத்தடை வருகிற இடத்திலெல்லாம் அண்ணாச்சி தன் மூச்சைப் பிடித்துக்கொண்டார், அதனால் வண்டி குலுங்காது என்பதுபோல.

வண்டியைத் திருப்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். மதினி வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணாச்சியும் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்தார். ஷோரூம் வாசலுக்கு வந்து வேகத்தைக் குறைத்ததும் என் கையைத் தொட்டு, குரலே எழுப்பாமல் சொன்னார்: "நிப்பாட்டிராதீக தம்பி. இன்னொரு ரவுண்டு போங்க."

லாபம் வரும் வருஷம்

ஹைபிரிட் வாங்கலாமா என்று யோசிக்கிற எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி ஒன்று உண்டு. சாதாரண பெட்ரோல் வண்டியைவிட விலை கூடுதல். மைலேஜில் மிச்சம் பிடித்து அந்தக் கூடுதல் விலையை எடுக்க எத்தனை வருஷம் ஓட்ட வேண்டும்? சென்னையில் இருக்கும் அண்ணாச்சி மகன் அதைத்தான் ஸ்பீக்கர் போனில் கேட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். வாரத்தில் மூன்று நாள் மதுரை ஓட்டம் இருந்தாலும் சில வருஷம் ஆகும் என்று உண்மையைச் சொன்னேன். "அப்ப அவசரப்படாதப்பா. சும்மா பெட்ரோல் வண்டியே போதும்" என்றான் மகன்.

அண்ணாச்சி மேஜைமேல் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மதினிதான் சிரித்தார். "ஏங்க, வண்டி ஓடிரும். அம்புட்டு வருசம் நான் ஓடுவனா, அதக் கேளுங்க மொதல்ல."

அண்ணாச்சி அன்றே புக் செய்தார்.

ஆடி

ஹைபிரிட்டுக்கு எப்போதும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்த வண்டி வந்து இறங்கியது ஆடி பிறந்த பிறகு. ஆடியில் எங்கள் பக்கம் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். ஷோரூமே தூங்கும், விற்ற வண்டிகள் உறை போட்டு வரிசையாக நிற்கும், நாங்கள் கேரம்போர்டு ஆடுவோம். அண்ணாச்சிக்கு மட்டும் பொறுக்கவில்லை. பூஜை வேண்டாம், எலுமிச்சம்பழம் வேண்டாம், சும்மா ஓட்டிக்கொண்டு போகிறேன், மதுரைக்குத்தானே என்று போனில் கேட்டார். தாராளமாக வாங்க என்றேன்.

மதினி போனைப் பிடுங்கிவிட்டார். "அவுக பேச்சக் கேக்காதீக தம்பி. என் உடம்புக்குன்னு எடுக்குற வண்டிய ஆடியில எடுத்து, நாளைக்கு ஒண்ணுன்னா, வண்டியத்தான் சொல்லுவாக. இத்தன நாளு ஜீப்புல போகலையா? ஆவணி பொறக்கவும் நானே வந்து உக்காருறேன். நீங்க வண்டிக்கு நல்ல மாலையா ஒண்ணு வாங்கி வைங்க, போதும்."

மாலை

ஆடி கழியுமுன்பே மாலை வாங்க வேண்டியதாயிற்று. மதுரையிலிருந்து திரும்புகிற வழியில், அதே ஜீப்பில், காரியாபட்டி தாண்டியதும் உயிர் போய்விட்டது என்றார்கள். வாந்தி எடுக்கிறார் என்று நினைத்து அண்ணாச்சி ஓரங்கட்டியிருக்கிறார்.

நான் ரெட்டியபட்டிக்குப் போனபோது வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். ஜீப் வேப்பமரத்தடியில், கதவு திறந்தபடி நின்றது. நிருபராக இருந்தபோது எத்தனையோ சாவு வீடுகளில் நின்றிருக்கிறேன். கையில் பேனா இருக்கும், எங்கே பார்ப்பது என்று தெரியும். இந்த முறை தெரியவில்லை. மாலையைப் போட்டுவிட்டு அண்ணாச்சி பக்கத்தில் போய் நின்றேன். அவர் மாலையைப் பார்த்தார். "நல்ல மாலைதான் தம்பி" என்றார். "அவ கேட்ட மாதிரியே."

பின்சீட்

கருமாதி முடிந்து, ஆவணியில், மகனோடு வந்தார். புக்கிங்கை ரத்து செய்துவிடலாம் என்று மகன் முடிவாக இருந்தான். கேட்டால் மேனேஜரும் மறுக்கப் போவதில்லை. "ஒரு வாட்டி பாத்துக்கிருறேன்" என்றார் அண்ணாச்சி. உறையை உருவினேன். அவர் முன்னால் உட்காரவில்லை. பின்கதவைத் திறந்து, மதினி தலை வைத்த பக்கத்தை விட்டுவிட்டு, ஓரமாக உட்கார்ந்தார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி."

"பண்ணிட்டேன் அண்ணாச்சி."

நானும் மகனும் முன்சீட்டில். வண்டியில் சத்தமே இல்லை. ஏசிக் காற்று மட்டும் வந்தது. மகன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சி, ஆளில்லாத அந்தப் பக்கத்துச் சீட்டை உள்ளங்கையால் ஒரு முறை தடவிவிட்டு இறங்கினார்.

"வீடும் இப்ப இப்படித்தான் தம்பி இருக்கு. எனக்கு அந்த ஜீப்பே கெடக்கட்டும். அது சத்தமாச்சும் போடும்."

ஹைபிரிட் வாங்கலாமா என்று இப்போதும் வந்து கேட்கிறார்கள். வாங்குங்கள், ஆனால் ஆடியென்று பார்க்காதீர்கள் என்கிறேன், ஏன் என்று அவர்கள் கேட்பதற்குள் நல்லவேளையாக மோர் வந்துவிடுகிறது.