நான் கட்டிய டயர் சுவர்

நான் படித்தது நாலாம் வகுப்பு வரைக்கும். மீதியெல்லாம் லாரியின் மேலே நின்று கற்றுக்கொண்டது. குறிஞ்சிப்பாடியில் முந்திரி மூட்டை ஏற்றும் லாரிக்கு கிளீனராகப் போனேன். மூன்று வருடத்துக்குள் பாரம் கட்டுவதற்கு என்னைத் தேடி மற்ற லாரிக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். நான் கயிறு போட்ட லோடு ஒன்றுகூட வழியில் சரிந்தது கிடையாது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான். அந்தக் கையை வைத்துத்தான் கடலூர் முதுநகரில் பஞ்சர் கடை போட்டேன், பஞ்சர் கடையை டயர் கடையாக்கினேன், பிறகு பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறையும் வைத்தேன். யாரும் எனக்கு ஒரு போல்ட்டுகூட எடுத்துக் கொடுத்ததில்லை.

பாரம் கட்டுகிறவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கட்டியது அசையக் கூடாது. அசைந்தால் லாரி கவிழும்.

என் தங்கை சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பக்கத்தில் இருக்கிறாள். புருஷன் இல்லை, ஒரே மகன். அவனுக்கு மோட்டார் சைக்கிள் பைத்தியம். சென்னைக்குப் போய்ப் பெரிய பந்தயத்தில் ஒரு தடவை ஓட்டிவிட்டு வந்தவன். 2008இல், தை மாதம் ஆத்துத் திருவிழாவுக்கு முதல் நாள், எங்கள் பக்கத்துப் பையன்கள் ஒரு பந்தயம் வைத்தார்கள். சிதம்பரம் போகும் ரோட்டை விட்டு இறங்கினால் கடலுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவில் ஒரு பொட்டல். சுனாமிக்கு அப்புறம் மிஷின் விட்டுச் சமப்படுத்திய இடம். அங்கேதான் மண்ணில் வளைத்து வளைத்து டிராக் போட்டிருந்தார்கள்.

பந்தயம் என்று கேள்விப்பட்டதும் தங்கை பஸ் ஏறி என் கடைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணா, இவன் கேக்க மாட்டேங்குறான். நீ பாத்துக்கிறன்னு சொன்னா அனுப்புறேன். இல்லன்னா வண்டி சாவியக் கெணத்துல போட்டுடுவேன்."

"கடைசி வளைவுலதான் ஆபத்து. அதுக்குப் பின்னால தோப்பு. நானே அங்க டயர் கட்டுறேன், போதுமா? நான் கட்டுனா என்னான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ணா. அதான் வந்தேன்."

பட்டறையிலிருந்து இருநூறு பழைய டயர் இறக்கினேன். ஆள் நெஞ்சு உயரத்துக்கு அடுக்கச் சொன்னேன். அடுக்கி முடித்ததும் கடல் காற்று டயருக்குள் புகுந்து ஊத ஆரம்பித்தது. நூறு பேர் வாயை மூடிக்கொண்டு முனகுவது போல ஒரு சத்தம். வேலைக்கு வந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. காற்றுக்கே இப்படி என்றால் வண்டி மோதினால் என்ன ஆகும் என்று யோசித்து, ஒவ்வொரு அடுக்கின் நடுவிலும் இரும்புக் குழாயை இறக்கி அடித்தேன். டயருக்குள் ஈர மணலைப் போட்டு இடித்து நிரப்பச் சொன்னேன். சுற்றிலும் கட்டுக்கம்பி முறுக்கினேன். மணல் நிரம்ப நிரம்ப முனகல் ஒவ்வொன்றாக நின்றது. கடைசி டயர் நிரம்பியதும் அந்தப் பொட்டலில் ஒரு சத்தமும் இல்லை. அப்போது அதை வெற்றி என்று நினைத்தேன்.

மருமகன் வந்து பூட்ஸ் காலால் ஒரு உதை விட்டுப் பார்த்தான்.

"என்னா மாமா, கல்லு மாதிரி இருக்கு?"

"யாரு கட்டுனது?"

"சென்னையில சும்மாதான் மாமா அடுக்கி வெச்சிருந்தாங்க. உள்ள ஒண்ணும் போடல. தொட்டா ஆடும்."

"அவுங்க வேல செய்யத் தெரியாதவனுங்கடா. மாமன் கட்டுனா யானை வந்து முட்டுனாலும் நிக்கும்."

"யானையத்தான் ஓட்டப் போறேன், நகருங்க," என்று சிரித்துக்கொண்டு போனான்.

பந்தயத்தன்று மத்தியானம் நான் சுவருக்குப் பின்னால் நின்றேன். தள்ளிப் போகச் சொன்னார்கள். என் கட்டின் மேல் எனக்கு நம்பிக்கை. வலது கையைச் சுவரின் மேல் ஊன்றிக்கொண்டு நின்றேன். நாலாவது சுற்றில் அவன் முதலில் வந்தான். வளைவில் வண்டி வழுக்கியது. வண்டி ஒரு பக்கம் போனது, அவன் நேராகச் சுவருக்கு வந்தான். லாரித் தட்டில் மூட்டை விழுமே, அப்படி ஒரு சத்தம்.

என் கை சுவரின் மேல்தான் இருந்தது. கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒரு அதிர்வு, ஒரு நடுக்கம், ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் ஒரு ஆள் வந்து மோதியிருக்கிறான், இந்தப் பக்கம் என் உள்ளங்கைக்குச் செய்தியே வரவில்லை.

சுற்றிக்கொண்டு ஓடினேன். படுத்திருந்தான். இரத்தம் இல்லை, கீறல் இல்லை. ஹெல்மெட் கண்ணாடிகூட உடையவில்லை. அவன் கண் திறந்திருந்தது. மணலில் கிடந்த வண்டி உறுமிக்கொண்டே இருந்தது, யாரோ போய் அணைத்தார்கள். அணைத்த பிறகும் உறுமல் கேட்டது. சவுக்குத் தோப்பில் காற்று என்று கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. ஆஸ்பத்திரியில் கழுத்து என்று ஒரு வார்த்தையில் முடித்தார்கள்.

சென்னையிலிருந்து நடுவராக வந்திருந்தவர் சாயங்காலம் சுவரைத் தள்ளிப் பார்த்தார். குனிந்து உள்ளே விரலை விட்டார்.

"இதுல மண்ணு போட்டது யாருய்யா? டயர் அமுங்கணும். வர்றவன் வேகத்த அது வாங்கிக்கணும். அதுக்குத்தான்யா டயர் வெக்கிறது."

நான் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு தங்கை கேட்டாள்.

"அவன் வந்து விழுந்தப்ப, நீ கட்டுனது தாங்குச்சாண்ணா?"

"தாங்குச்சும்மா. மெத்த மாதிரி தாங்குச்சு. அவன் விதி."

அவள் தலையை ஆட்டினாள். அந்தப் பொய்யோடு நாலு வருடம் போனது.

சுவரை யாரும் பிரிக்கவில்லை. பந்தயமும் அதோடு நின்றுவிட்டது. ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது டயரில் குங்குமம் வைத்திருந்தது. பிறகு மஞ்சள் துணி. பிறகு, புதிதாக வண்டி வாங்குகிறவர்கள் அங்கே கொண்டுவந்து நிறுத்தி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். அங்கே செத்த பிள்ளை வண்டி ஓட்டுகிறவர்களைக் காப்பாற்றுகிறானாம். அவன் மோதிய இடத்தில் பொட்டு வைத்து, அதையே கும்பிட்டார்கள். என் கடைக்கு வருகிறவர்களே என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் டயரைப் பார்த்துக்கொண்டு உம் கொட்டுவேன். சில நேரம் பட்டறையில் நிற்கும்போது வலது உள்ளங்கை மட்டும் மரத்துப் போகும். சுத்தியலைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2011 கடைசியில் 'தானே' என்கிற புயல் அடித்தது. என் பட்டறைக் கூரை பறந்தது. பலா, முந்திரி எல்லாம் வேரோடு போனது. நாலாம் நாள் டீக்கடையில் ஒருவர் சொன்னார்:

"மாமா, கடலூரே படுத்துடுச்சு. நீங்க கட்டுன டயரு மட்டும் நிக்குது. போயிப் பாருங்க. ஒரு டயரு நவுரல."

எத்தனையோ பேர் என் வேலையைப் புகழ்ந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டவன் நான். அன்றைக்கு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அந்தப் பேச்சு சிதம்பரத்துக்கும் போய்விட்டது. தங்கை வந்தாள். கையில் அகல் விளக்கும் எண்ணெயும்.

"என் புள்ள நிக்கிறான்றாங்க. அந்த எடத்தக் காட்டு."

கூட்டிப் போனேன். தோப்பு முழுக்க ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. அசைவதற்கு ஒரு கிளை இல்லை. ஆனாலும் தூரத்தில் வண்டி வருகிற மாதிரி அந்த உறுமல் எனக்குக் கேட்டது. அவளிடம் கேட்கவில்லை, கேட்கிறதா என்று. வளைவில் சுவர் அப்படியே நின்றது, நேற்றுக் கட்டியது போல.

அவள் விளக்கைக் கீழே வைத்தாள். பொட்டு வைத்திருந்த டயரைத் தடவினாள். பிள்ளையைச் சாய்த்துக்கொள்வது போலத் தலையை அதில் சாய்க்கப் போனவள், நின்றாள். கையால் அழுத்தினாள். இரண்டு கையாலும் தள்ளினாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

"உள்ள என்னாண்ணா இருக்கு?"

"மண்ணு."

"யாரு போட்டது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"அசையக் கூடாதுன்னு."

"மெத்த மாதிரி தாங்குச்சுன்ன."

"பொய் சொன்னேன்."

அவள் குனிந்தாள். விளக்கை எடுத்து எண்ணெயை மணலில் கவிழ்த்தாள்.

"பிரி."

கட்டுக்கம்பி துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. என் முடிச்சை என்னாலேயே பிரிக்க முடியவில்லை. வண்டியிலிருந்து கட்டிங் பிளேயர் எடுத்துவந்து ஒவ்வொன்றாக வெட்டினேன். மேல் டயரை நெம்பித் தூக்கினேன். மணல் சரியவில்லை. டயர் போன பிறகும் டயர் போலவே வட்டமாக நின்றது. அவள் காலால் உடைத்தாள்.

நாலைந்து டயரைக் காலி செய்து ஓரமாக அடுக்கியபோது கடல் பக்கமிருந்து காற்று வந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் நான் மூடிய அந்த முனகல் மறுபடி கிளம்பியது. மகன் வண்டிச் சத்தம் கேட்டவள் போலத் தங்கை சட்டென்று நிமிர்ந்து, அன்றைக்கு வண்டிகள் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினாள்.

டிராக்கில் யாரும் இல்லை. அவள் அங்கிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"நிறுத்தாத," என்றாள். "மீதியையும் பிரி."