சாட்டம் தமிழ்தான்

நான்கு வருடங்களுக்கு முன் நாகர்கோவிலில் ஒரு கூட்டத்தில் நான் தவறாகப் பேசினேன். அதைப் பொய் என்று சொல்ல முடியாது, எனக்கு அப்போது தெரியவில்லை. பொய் அன்று மாலை வீட்டில்தான் தொடங்கியது, அதுவும் இரண்டே சொல்லில்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடும் கூட்டம் அது. ஆளுக்கொரு மாதம் ஏதாவது பேசுவோம். அந்த மாதம் என் நண்பர் பேசினார். பள்ளியில் பூகோளம் நடத்தியவர், குலசேகரத்துக்காரர். நாங்கள் இருவரும் முப்பது வருடங்களாகத் திற்பரப்பு அருவியில் ஒன்றாகக் குளித்தவர்கள். கோதையாற்றைப் பற்றி எழுதிக்கொண்டு வந்திருந்தார். அவருடைய மகனுக்குப் பாளையங்கோட்டையில் பெண் எடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. சம்பந்தியையும் அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்.

பேச்சின் நடுவே அவர் ‘வெள்ளச்சாட்டம்’ என்றார். அவர் ஊர்ப்பக்கம் தண்ணீரை வெள்ளம் என்பார்கள், அது மேலிருந்து விழும் இடத்துக்கு அதுதான் பெயர். நான் கல்லூரியில் தமிழ் நடத்தியவன். எழுந்துவிட்டேன்.

“அது மலையாளம். தமிழில் அருவி என்று ஒரு சொல் இருக்கிறது” என்றேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். நீர்வீழ்ச்சி என்பது ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்த சொல் என்றேன். தாரை வடமொழி என்றேன். அருவிக்கு ஒழுங்கு என்றும் பொருள் உண்டு, தினைத்தாள் என்றும் பொருள் உண்டு என்றேன். தினைத்தாளை அங்கே யாரும் கேட்கவில்லை. சபை சிரித்தது. சம்பந்தி மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தார். நண்பர் தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அவர் சொன்ன ஆறு அன்று கடலுக்குப் போய்ச் சேரவில்லை.

ஏன் எழுந்தேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். அந்த மாதம் நான்தான் பேசுவதாக இருந்தேன். என்னைத் தள்ளிவைத்துவிட்டு அவரை அழைத்திருந்தார்கள். தமிழுக்காக எழுந்தேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாலையில் அகராதியைப் பிரித்தேன். சாடு என்றால் மோது, அடி. எங்கள் ஊரில் குதிப்பதற்கும் அதுதான் சொல். குளத்தில் சாடாதே என்று என் பிள்ளைகளை நானே எத்தனை தடவை விரட்டியிருக்கிறேன். ஓடு ஓட்டமாகிறது, ஆடு ஆட்டமாகிறது. சாடு சாட்டமாவதற்கு மலையாளம் எதற்கு? அகராதியை மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன், சாதாரணமாக அது இருக்கும் தட்டு அதுவல்ல.

“என்ன தேடுனிய?” என்றாள் மனைவி.

“ஒண்ணும் இல்ல.”

இந்த ‘ஒண்ணும் இல்ல’ நான்கு வருடம் நீடித்தது. நண்பர் என்னோடு பேசுவதை விட்டார். இந்த வருடம் அவருக்கு நெஞ்சில் ஏதோ அடைப்பு என்று ஆஸ்பத்திரியில் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். எனக்குப் பயம் வந்தது. போனில் கூப்பிட்டு, திற்பரப்புக்கு வாரும், ஒரு காரியம் சொல்லணும் என்றேன். வந்தார்.

சாட்டம் தமிழ்தான், தப்பு என்னுடையது என்று தண்ணீருக்கு அடியில் நின்றுகொண்டு சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற இரண்டு கேரளத்துப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். நண்பர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார்.

“இனி சொல்லும்.”

சொன்னேன்.

“எப்பம் தெரியும் உமக்கு?”

“அண்ணைக்குச் சாயங்காலமே.”

அவர் தலை துவட்டிய துவர்த்தைப் பிழிந்தார். சொட்டு நீர் இல்லாமல் பிழிந்த பிறகும் விடவில்லை. “சபையில வச்சு அடிச்சேரு. இப்பம் ஒருத்தனுக்கும் கேக்காத எடமாப் பாத்து நின்னு மன்னிப்பு கேக்கேரு. வெள்ளத்துக்கிட்டயா வே சொல்லுதேரு? அண்ணைக்கு இருந்த ஆளுகளுக்கிட்டப் போயிச் சொல்லும்.”

“எல்லாருக்கிட்டயுமா?”

“எல்லாருக்கிட்டயும்.”

“அதுல ஆறேழு பேரு போயிச் சேந்துட்டாவளே.”

“அவிய கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். மொதல்ல போறது நான்தானே.”

கூட்டச் செயலாளரிடம் அன்றைய வருகைப்பதிவை வாங்கினேன். எங்கள் பக்கம் வயதானவர் ஒருவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வீடுவீடாக ஏறினால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் பதினாறாம் நாள் அடியந்திரம். கோட்டாற்றில் ஒரு பழைய தலைமையாசிரியை என் கையைப் பார்த்தார். பத்திரிகை இல்லை என்றதும் முகம் வாடியது.

“யாரு சார்? எப்போ தவறினாங்க?”

யாரும் தவறவில்லை, நான்தான் தவறிவிட்டேன் என்று விளக்குவதற்குள் அவர் வீட்டுக்குள்ளிருந்து இரண்டு பேர் வந்து நின்றுவிட்டார்கள். கடைசியில் காப்பி கொடுத்தார். “இதுக்கா சார் இந்த வெயில்ல வந்திய?” என்றார்.

தக்கலையில் ஒரு கணக்கு வாத்தியார் இன்னும் வெளிப்படையாக இருந்தார். “அவரு என்ன சொன்னாருன்னு எனக்கு ஓர்மை இல்ல. நீரு என்ன சொன்னேருன்னும் ஓர்மை இல்ல. நீரு நிறுத்தல்லைங்கது மட்டும் நல்ல ஓர்மை உண்டும்.”

ஏறிய வீடுகளில் எல்லாம் இதே கதைதான். ஒருவருக்கும் நினைவில்லை. பாதிப் பேரைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. மறந்துபோன குற்றம் குற்றமே இல்லை என்ற எண்ணத்தோடுதான் பாளையங்கோட்டைக்கு ரயிலேறினேன்.

சம்பந்தி ஒன்றையும் மறக்கவில்லை. என்னைப் பார்த்ததும் மகிழ்ந்துபோனார்.

“வாங்க, வாங்க. உங்களப் பத்திப் பேசாத நாள் இல்ல” என்றார். “பேரன் குலசேகரத்துத் தாத்தா வீட்டுக்குப் போயிட்டு வந்து சாட்டம், கீட்டம்னு பேசுவான். அதெல்லாம் தமிழ் இல்லலே, அந்த ஊரு காலேஜ் வாத்தியாரே சொல்லிட்டாருன்னு திருத்திப் போடுவேன். சம்பந்தி வந்தாலும் அதான். வாயத் தொறந்தா உங்க பேரச் சொல்லித்தான் மடக்குவோம்.”

அவருடைய மனைவி தட்டில் இரண்டு ஜாங்கிரி வைத்துவிட்டுப் போனார். என்னால் தட்டைப் பார்க்க முடியவில்லை. நான்கு வருடமாக ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்த மனிதர் இந்த வீட்டில் என் வாயால் அடிவாங்கியிருக்கிறார்.

சொன்னேன். அகராதியை, அன்று மாலையை, மேல்தட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். சம்பந்திக்குப் பிடிக்கவில்லை.

“அன்னைக்குச் சொன்னது சரியா, இன்னைக்குச் சொல்லுதது சரியா?”

“இன்னைக்குச் சொல்றதுதான்.”

“அப்போ நாளைக்கு?”

நான் ஜாங்கிரி ஒன்றைப் பாதியாகப் பிய்த்தேன்.  அவர் போனை எடுத்து, நானும் கேட்கும்படி வைத்து நண்பரை அழைத்தார்.

“சம்பந்தி, உங்க வாத்தியார் இங்க வந்து உக்காந்திருக்காரு. சாட்டம் தமிழ்தானாம். நாந்தான் பேரன்கிட்ட மாத்திச் சொல்லணும் போலுக்கு.”

 அந்தப் பக்கம் வண்டி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. பிறகு நண்பரின் குரல் வந்தது.

“அவருக்குச் சுகர் உண்டும். இனிப்பு ஏதும் வச்சிராதிய. வச்சா தின்னுருவாரு.”

சம்பந்தியின் மனைவி வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனார். ஒரு ஜாங்கிரியில் பாதி ஏற்கெனவே என் வாயில் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.