துவைத்துத் தேய்த்த ஷில்லிங்

சென்ற வாரம் என்னிடம் இருந்த பழைய நோட்டு ஒன்றை விற்கக் கிளம்பினேன். நம்ம ஊர் நோட்டு இல்லை. அமெரிக்கா தனி நாடாவதற்கு முன், நியூஜெர்சி காலனியில் அச்சடித்த பன்னிரண்டு ஷில்லிங். முன்பக்கம் சிவப்பும் கறுப்புமாக எழுத்து. பின்பக்கம் ஓர் இலையின் படம், கூடவே 'கள்ள நோட்டு அடித்தால் மரணம்' என்ற எச்சரிக்கை. பேனாவால் போட்ட மூன்று கையெழுத்துகள்.

கையே படாதது போல இருக்கும் நோட்டுக்குத்தான் சேகரிப்பவர்களிடம் மதிப்பு. என்னுடையது அப்படிப்பட்டது என்று ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஏன் விற்க வேண்டும்? அலுத்துவிட்டது... பகலெல்லாம் பனியனில் குறை தேடிவிட்டு, வீட்டுக்கு வந்தும் லென்ஸும் கையுமாக எத்தனை நாள் உட்காருவது?

பொங்கலூரில் ஒரு ரிட்டயர்டு டாக்டர். அவரும் சேகரிப்பவர்தான். வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். போகும் வழியில் மண்ணரையில் இருக்கும் என் பனியன் யூனிட்டில் இறங்கினேன். துணியில் குறை பார்க்கும் செக்கிங் டேபிள் வெளிச்சத்தில் கடைசியாக ஒரு முறை பார்த்துவிட ஆசை.

பக்கத்தில் மரகதம். இருபது வருடமாக என்னிடம் செக்கிங் பார்ப்பவர். பிளாஸ்டிக் உறையோடு வாங்கி, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"ஏனுங்க, இத நனைச்சுத் தேச்சிருக்காங்களாட்ட இருக்குதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. அப்படியெல்லாம் இருக்காது என்றேன். அவர் வாதாடவில்லை. உறைமேல் விரலால் ஒரு கோடு காட்டினார்.

"மடிப்பு இருந்த எடம் மட்டும் மினுங்குது பாருங்க. அயர்ன் அழுத்துனா துணீலயும் இப்படித்தானுங்க ஆகும்."

லென்ஸை எடுத்தேன். இருந்தது. நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று. அந்த இடத்தில் கையெழுத்து மையும் வெளிறியிருந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ மடிப்பை மறைத்திருக்கிறார்கள்.

பொங்கலூர் வரை ஒரே யோசனை. சொல்லாவிட்டால் டாக்டருக்குத் தெரியப்போவதில்லை — எனக்கே ஏழு வருடம் தெரியவில்லையே? எனக்கு விற்றவரும் இப்படித்தான் யோசித்தாரோ?

சொல்லிவிட்டேன். டாக்டர் நோட்டை நெடுநேரம் பார்த்தார். காபி கொடுத்தார். பிறகு, "பொறவு பாக்கலாமுங்க" என்றார். கொங்கு நாட்டில் அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தம்.

திரும்பும்போது உடம்பெல்லாம் அசதி. கோபப்படக்கூடத் தெம்பில்லை.

மறுநாள் மரகதத்திடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. தான் வாயைத் திறந்திருக்கக் கூடாது என்றார். குறையைச் சொல்லத்தானே அந்த டேபிளில் இருக்கிறீர்கள் என்றேன். அரை மனதாகச் சிரித்தார்.

நோட்டு மறுபடி என் பீரோவில். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தர் அதை நாலாக மடித்துப் பையில் செருகிக்கொண்டு, மாவோ உப்போ வாங்கப் போயிருக்கிறார்.

பணத்தை அச்சடித்ததே அதற்குத்தானே?