அறுபது கேசட்டும் ஒரு திருகாணியும்

வெறும் கேசட்டை உறையில் போட்டு விற்கிறார் என்று ஊரில் பேச்சுக் கிளம்பிய வாரத்திலும், நிபால்தோ ஓரெயானா ஒவ்வொரு கேசட்டையும் தொடையில் இருமுறை தட்டிவிட்டுத்தான் ரிக்கார்டரில் போட்டார். முதல் தட்டு நாடாவைத் தளர்த்துவதற்கு. இரண்டாவது எதற்கு என்று கேட்டால், "முதல் தட்டு அதுக்குக் கேட்டுச்சான்னு பாக்க" என்பார்.

தல்காவானோ துறைமுகத்து மீன் கிடங்குகளில் குளிர்சாதனம் பழுது பார்ப்பது அவர் பிழைப்பு. வயது ஐம்பத்தெட்டு. அவர் வீட்டில் எதை முகர்ந்தாலும் மத்தி வாசம் வரும். சமையலறை மேசையில், ரொட்டிக் கூடைக்கும் மசித்த அவகாடோ கிண்ணத்துக்கும் நடுவே, கேசட்டிலிருந்து விளையாட்டுகளை ஏற்றிக்கொள்ளும் நாற்பது வருடப் பழைய அடாரி கணினி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதற்கென்று அவரே ஒரு விளையாட்டு எழுதினார். மேட்டுத் தெருவில் ஒருவன் கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறுகிறான். பின்னால் நாய்கள். இரும்புக் கம்பியால் சிலிண்டரைத் தட்டினால் நாய் ஒரு நொடி நிற்கும், பிறகு துரத்தும். அவ்வளவுதான் கதை. எங்கள் மேட்டில் பலருடைய வாழ்க்கை வரலாறு இதைவிட நீளமில்லை.

இணையத்தில் சும்மா ஏற்றிவிட்டிருக்கலாம். மாட்டேன் என்றார். "கையிலே பிடிக்க முடியாததைக் குடுத்தா, குடுத்தோமா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துரும்." அறுபது கேசட் வாங்கினார். ஒவ்வொன்றிலும் பதினோரு நிமிடம் பதிவு, பிறகு பதினோரு நிமிடம் ஓட்டிச் சரிபார்ப்பு. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி மிரேயா உறைகளை மடித்து, மேலே கண்ணாடித் தாள் சுற்றி, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்டி இறுக்கினாள். அறுபதும் ஒரே வாரத்தில் விற்றுப்போயின.

வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் சேகரிப்பவர்கள். தாளைக் கிழித்தால் மதிப்புப் போய்விடும் என்று அலமாரியில் நிறுத்தி, தள்ளி நின்று பார்க்கிறவர்கள். வதந்தி அங்கேதான் பிறந்தது. திறக்கவே போகாதவனுக்கு எதற்காகப் பதிய வேண்டும்? அதற்கு உரம் போட்டவர் விளாதிமிர் செபூல்வேதா. பல் செட் செய்கிறவர், பழங்கணினி கிளப்பின் தலைவர், முந்நூறு கேசட்டுக்குச் சொந்தக்காரர். தாளைக் கிழித்த மிகச் சிலரில் அவரும் ஒருவர். போட்டுப் பார்த்தார். ஓடவில்லை. கிளப்பின் செய்திக் குழுவில் ஒரே வரி எழுதினார்: "மேஸ்திரி நமக்குக் காத்தை வித்திருக்காரு."

கிளப்பில் நானும் இருப்பதால், விசாரிக்கலாம் என்று புதன்கிழமை மாலை போனேன். நிபால்தோ தனக்கென்று பதிந்து வைத்திருந்த ஒரு கேசட்டைத் தட்டினார், போட்டார். அது ஏறும் பதினோரு நிமிடமும், கணினிக்குத் திரையாக இருந்த தொலைக்காட்சி கீச்சிட்டது. சிலிண்டர்காரன் வந்தான், நாய் வந்தது. மூன்றாம் படியில் என்னைக் கடித்தது.

"காத்து கடிக்குமா?" என்றார் நிபால்தோ.

"இதை அந்தப் பல்லுக்காரன் முன்னாடி போட்டுக் காட்டு கிழவா. எங்ககிட்ட காட்டி என்ன பிரயோசனம்?" என்றாள் மிரேயா. அந்த வீட்டில் அது செல்லப் பெயர்தான். அன்று அப்படி ஒலிக்கவில்லை.

காட்டித்தான் ஆக வேண்டும். கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. புது விளையாட்டு எதுவானாலும், விற்பதற்கு முன், எழுதியவருடைய ரிக்கார்டரில் அல்லாமல் வேறொருவருடையதில் எல்லார் முன்னிலையிலும் ஏற்றிக் காட்ட வேண்டும். கிளப் கூடும் சங்கக் கட்டடத்துக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்த மாதம் என்பதால் நிபால்தோ அதைத் தாண்டிவிட்டார். இப்போது சனிக்கிழமை நாலு மணி என்று கெடு வைத்துவிட்டார்கள். ஓடாவிட்டால் கிளப் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. அந்தப் பட்டியலுக்கு வெளியே இதை வாங்க உலகத்தில் ஆளில்லை.

சனிக்கிழமை இருபத்துமூன்று பேர். மீன் ஏற்றும் ஐஸ் பெட்டியில் தன் ரிக்கார்டரையும் கொண்டுவந்திருந்தார் நிபால்தோ. அதை யாரும் திறக்கச் சொல்லவில்லை. விளாதிமிரின் ரிக்கார்டரில் கேசட் போனது. ஏறி முடியும்வரை யாரும் நடக்கக் கூடாது, தண்ணீர் சுடவைக்கும் கெட்டிலைப் போடக் கூடாது. மின்சாரம் ஒரு மூச்சு குறைந்தால்கூட எல்லாம் போச்சு. இறைச்சி அடைத்துச் சுட்ட எம்பனாதாக்கள் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. எல்லாரும் திரையையே பார்த்தார்கள். மிரேயா மட்டும் கணவனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாவது நிமிடம் நிலம் லேசாக ஆடியது. விளக்கு ஊசலாடியது. ஒருவரும் வாசலுக்கு ஓடவில்லை. இருவர் எழுந்து தொலைக்காட்சியை அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டம் நின்றது. பதினோராவது நிமிடம் திரையில் பிழை என்று வந்தது.

"நிலம் ஆடினதாலே," என்றார் நிபால்தோ.

"நிலம் இங்கே தினமும்தான் ஆடுது மேஸ்திரி. மத்த கேசட்டெல்லாம் ஓடுதே," என்றார் விளாதிமிர்.

இன்னொன்று போட்டார்கள். இன்னொரு பதினோரு நிமிடம். இம்முறை நிலம் அசையவில்லை. பிழை.

"என் டெக்கிலே போடுங்க, ஓடும்."

"உங்க டெக்கிலே உங்க கேசட் ஓடும். அதுலே என்ன அதிசயம்?" விளாதிமிர் தன் பையிலிருந்து கம்பெனியில் பதிந்த பழைய கேசட் ஒன்றை எடுத்தார். "என்னோடதை உங்க டெக்கிலே போடுங்க. அது ஓடட்டும், எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்."

ஐஸ் பெட்டி திறந்தது. போட்டார்கள். ஓடவில்லை.

அந்த அறையில் இருந்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. உங்களுக்காகச் சொல்கிறேன்: ரிக்கார்டருக்குள் நாடாவில் பதிந்து, அதைப் படிக்கவும் செய்யும் தலை நேராக நிற்க வேண்டும். பக்கத்தில் உள்ள சின்னத் திருகாணி அதைப் பிடித்திருக்கிறது. தலை சாய்ந்திருந்தால் பதிவும் அதே சாய்வில் விழும். சாய்ந்த தலை சாய்ந்த பதிவை அழகாகப் படிக்கும். நிமிர்ந்த தலைக்கு அது புரியாது. அறுபது கேசட்டையும் அவர் சரிபார்த்தது, பதிந்த அதே தலையில்.

நிபால்தோ நாற்காலியில் உட்கார்ந்தார். "பதினேழு வயசிலே இதை எழுத ஆரம்பிச்சேன். பாதிதான் முடிஞ்சுது, அதை ஒரு கேசட்டிலே போட்டு வச்சேன். அந்தக் கேசட் எதிலேயும் படிக்கலே. ரெண்டு வருஷம் முன்னாடி திருகாணியைத் திருப்பித் திருப்பிப் படிக்க வச்சேன். படிச்சுது. சந்தோஷத்திலே அப்படியே விட்டுட்டேன்."

வங்கியில் வேலை செய்யும் ஓரியானா ஃபுவென்த்தால்பா அவர் பக்கம் குனிந்தாள். அவளும் ஒன்று வாங்கியிருந்தாள். "நிபால்தோ ஐயா, எதுக்கு இவ்வளவு மனசொடிஞ்சு போறீங்க? அறுபதிலே அம்பத்தஞ்சு பேர் ஜென்மத்துக்கும் திறக்கப் போறதில்லே. திறந்த அஞ்சு பேருக்கு மட்டும் புதுசு குடுத்துட்டுப் போங்க."

யோசித்துப் பார்த்தால் நல்ல யோசனைதான். நானாக இருந்தால் அவளுக்கு ஒரு எம்பனாதா வாங்கிக் கொடுத்திருப்பேன்.

"திறந்து விளையாடுவீங்கன்னு நெனச்சுத்தாம்மா எழுதினேன்," என்றார் நிபால்தோ. "நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அம்பத்தஞ்சு அலமாரியைப் பாத்துக்கிட்டு இருக்க என்னாலே ஆகாது. எல்லாத்தையும் திருப்பிக் கொண்டாங்க."

பிறகு விளாதிமிரின் கேசட்டையே தன் ரிக்கார்டரில் ஓடவிட்டு, திருகாணியில் திருப்புளியின் முனையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கீச்சொலி மங்கியது, இன்னும் மங்கியது, பிறகு கூர்மையானது. கால் சுற்றுக்கும் குறைவு. "இன்னும் ஒரு மயிரிழை," என்றார் விளாதிமிர், தன்னையறியாமல். நிபால்தோ அந்த மயிரிழையைத் திருப்பினார். கம்பெனி கேசட் ஏறியது. உடனே வெற்றுக் கேசட் ஒன்றில் தன் விளையாட்டைப் பதிந்தார். அதை விளாதிமிரின் ரிக்கார்டரில் போட்டார்கள். இந்த இரண்டு பதினோரு நிமிடங்களிலும் கெட்டிலை யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

சிலிண்டர் மணி போல ஒலித்தது. நாய் ஓடிவந்தது.

விளாதிமிர் ஐந்தாம் படி வரை போனார், கடிபட்டார். "நாய் ரொம்ப வேகம்," என்று மட்டும் சொல்லிவிட்டு, அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று அந்தக் கம்பெனி கேசட்டை நிபால்தோவின் ஐஸ் பெட்டிக்குள் போட்டார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை. நிபால்தோவும் கேட்கவில்லை. மிரேயா கைப்பையிலிருந்து சிவப்பு நகச்சாயத்தை எடுத்து நீட்டினாள். நிபால்தோ திருகாணியின் மேல் ஒரு சொட்டு வைத்து, இனி அசையாதபடி, அது காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார்.

ஏழு வாரத்தில் ஐம்பத்தொன்பது கேசட் பெட்டிக்குத் திரும்பின. ஐம்பத்தொன்பதும் புதிதாய்ப் பதியப்பட்டு, இம்முறை விளாதிமிரின் ரிக்கார்டரில் சோதிக்கப்பட்டு, உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன. வராதது ஓரியானாவுடையது மட்டும். பிழையோடு வந்த முதல் பதிப்பில் தாள் கிழியாமல் மிஞ்சியது அது ஒன்றுதான். இரண்டு நாட்டிலிருந்து விலை கேட்டு எழுதுகிறார்களாம்.

இப்போதும் ஒவ்வொரு சனிக்கிழமையும் நிபால்தோ அவள் முன்னால் நல்ல கேசட் ஒன்றை வைக்கிறார். வைத்துவிட்டு, மறு கையை விரித்து நீட்டுகிறார். ஓரியானா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடி, கேசட்டை ஒரு விரலால் அவர் பக்கமே தள்ளுகிறாள். அவர் விரித்த கையை மடக்குவதில்லை.