தெரியாத நம்பர்

சும்மா கொடுக்கிறேன் என்று யாராவது வந்தால் நான் ஓரடி பின்னால் போய்விடுவேன். பாச்சாங் கடைத்தெருவில் பூட்டிக் கிடக்கும் ஒரு தையல் கடையின் வாசலில்தான் நான் படுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவரும் டீச்சரம்மா, ஒரு நாள் பழைய போன் ஒன்றை நீட்டினார்.

“ஒங்களுக்குத்தான்மா. கண்ணு ஆப்பரேஷனுக்கு நம்பர் கேப்பாங்க. இப்ப எல்லாமே போன்லதான்.”

“எதுக்கு எனக்குக் குடுக்குறீங்க?”

“சும்மாதான்மா.”

சும்மாவாம். ஜாசின் பக்கத்தில் நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தைக் கம்பெனி விற்றபோதும் இப்படித்தான் ஒருவன் வந்தான். சட்டை மடிப்புக்கூடக் கலையவில்லை. வீடு கிடைக்கும், இங்கே பெருவிரலை வையுங்கள் என்றான். லயத்தில் இருந்த அத்தனை பேரும் வரிசையில் நின்று வைத்தோம். நாங்களே சம்மதித்து வெளியேறுகிறோம் என்று எழுதியிருந்ததாம், பிறகுதான் சொன்னார்கள். வீடும் வரவில்லை, அவனும் வரவில்லை. அன்றிலிருந்து விரலையும் அடையாளக் கார்டில் இருக்கும் ஐ.சி. நம்பரையும் கண்டவனுக்குக் கொடுப்பதில்லை.

ஆனால் கண் விஷயம் வேறு. இடது கண் போய் வருஷக்கணக்காகிறது. வலது கண்ணிலும் புரை மூடிக்கொண்டு வந்தது. அதுவும் போனால், வாசலில் படுக்கிற பொம்பளைக்குப் பக்கத்தில் வந்து நிற்பது நாயா ஆளா என்று எப்படித் தெரியும்? பல்லைக் கடித்துக்கொண்டு போனை வாங்கினேன். டீச்சரம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் போன் நம்பரைப் பதிந்துவிட்டார். ஆப்பரேஷனுக்குத் தேதியும் கொடுத்தார்கள்.

போனுக்குச் சார்ஜ் போடுவது நான் தட்டு கழுவும் சாப்பாட்டுக் கடையில். அதன் முதலாளி நல்ல மனுஷன்தான், கொஞ்சம் வாய் ஜாஸ்தி.

“தெரியாத நம்பர்ல இருந்து கேட்டா ஐ.சி. மட்டும் சொல்லிறாதீங்கக்கா. ஸ்கேமர் எல்லாம் இப்ப தமிழ்லயே பேசுறானுங்க லா.”

இதை எனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

ஒரு மத்தியானம் தட்டு கழுவும்போது போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தேன். ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

“ஆன்ட்டி, ஆஸ்பத்திரியில இருந்து பேசுறோம். ஐ.சி. நம்பர் சொல்லுங்க, செக் பண்ணணும்.”

“மொதல்ல நீ யாருன்னு சொல்லு.”

“ஆஸ்பத்திரிதான் ஆன்ட்டி.”

“அப்ப எனக்கு எந்தக் கண்ணுன்னு சொல்லு பாப்போம்.”

“நம்பர் சொன்னாத்தான் ஃபைலத் தொறக்க முடியும்.”

“எந்தக் கண்ணுன்னே தெரியாம ஆப்பரேஷனா? ஏமாத்துறதுக்கு வேற ஆளப் பாரு, போ.”

வைத்துவிட்டேன். முதலாளி “சபாஷ்க்கா” என்று நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ ஒன்று கொடுத்தார். அன்று முழுக்க எனக்கு அப்படி ஒரு பெருமை.

கொடுத்த தேதியில் குளித்து, இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

“ஒங்க தேதிய முந்தின வாரத்துக்கு மாத்திட்டாங்களே ஆன்ட்டி. அதச் சொல்லத்தான் கால் பண்ணோம். நீங்க வேணாம்னுட்டீங்க. ஒங்க எடத்துல வேற ஆளுக்குப் பண்ணியாச்சு.”

“நான் எப்பம்மா வேணாம்னு சொன்னேன்? நம்பர் தரமாட்டேன்னுதான் சொன்னேன்.”

“இங்க ரெண்டும் ஒண்ணுதான் ஆன்ட்டி.”

எரிந்துகொண்டு வந்தது எனக்கு. அவளைத் திட்டி என்ன பிரயோஜனம்?

“அடுத்த தடவ கடுதாசி போடும்மா. போனு வேணாம்.”

“சரி, அட்ரஸ் சொல்லுங்க.”

தையல் கடை வாசல் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் காத்திருந்தாள். எனக்குப் பின்னால் நின்றவர் இருமினார்.

“போனுக்கே கூப்பிடும்மா” என்றேன்.

“எடம் காலியானா கூப்பிடுவோம். எடுக்கலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும், ஆன்ட்டி.”

அதற்குப் பிறகு போனை இடுப்பை விட்டு இறக்குவதில்லை. யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க முடியாது. எழுத்தெல்லாம் புகையாகத்தான் தெரிகிறது. போன வாரம் அடித்தது. எடுத்தேன். இந்தத் தடவை ஆண் குரல்.

“ஆன்ட்டி, ஐ.சி. நம்பர் சொல்லுங்க.”

எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கண் என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்டால் வைத்துவிடுவானோ என்று பயமாக இருந்தது. ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன்.

“ஓகே, வெயிட் பண்ணுங்க” என்றான். லைன் கட்டாகிவிட்டது.

வெயிட் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். அவன் யார் என்று எனக்கு இன்னும் தெரியாது.