கீழிருந்து கேட்ட நாடகங்கள்

திகாம் பத்துவில் நான் வழக்கமாகச் சாப்பிடும் நாசி கண்டார் சோற்றுக் கடையில் எல்லாமே பளபளக்கும் எவர்சில்வர் மேசைகள். ஒன்றே ஒன்றைத் தவிர. கைகழுவும் தொட்டியை ஒட்டி, யாரும் உட்கார விரும்பாத மூலையில், கனத்த பலகை மேசை ஒன்று கிடக்கிறது. தரை அங்கே சற்றுப் பள்ளம் என்பதால் அது ஆடும். மேசையின் நடுவில் மஞ்சள் சாயத்தில் ஒரு பெருக்கல் குறி. துடைத்துத் துடைத்து மங்கியிருக்கிறதே தவிர அழியவில்லை. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்ததும், உடைந்த மேசைக்குக் கடைக்காரர் போட்ட எச்சரிக்கை என்று நினைத்து வேறு இடம் தேடிப் போய்விடுவார்கள். நான் மட்டும் நேராகப் போய் அங்கேதான் உட்காருவேன். என் நடிப்பு வாழ்க்கை ஏறக்குறைய முழுவதும் அந்தக் குறியின் மேல் நின்றே கழிந்தது. இன்று காலை தே தாரே கிளாசை வைத்ததும் மேசை ஒரு பக்கம் சாய்ந்து, பாதித் தேநீர் என் சட்டைக்குப் போனது. அந்த மேசைக்கும் எனக்கும் எப்போதுமே அப்படித்தான்.

நடிப்பு வாழ்க்கை என்றதும் யாரும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். பகலில் சுங்கை பட்டாணியில் ஒரு கையுறை ஆலையில் மேற்பார்வையாளன். விடுமுறை நாள்களில் சிடாம் கிரி நாடகக் குழுவின் கோமாளி. கதாநாயகன் வேடம் கேட்டு ஒருமுறை போனேன். என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டுத்தான் வேடம் இல்லை என்றார்கள். அந்தச் சிரிப்பே எனக்குத் தொழில் ஆகிவிட்டது.

எங்களைப் போன்ற குழுக்களைக் கட்டி மேய்த்தது மாநில நாடக மன்றம். பள்ளிக்கூடமோ கல்லூரியோ தோட்டமோ, நாடகம் போட வேண்டும் என்று எழுதிக் கேட்டால் போதும். வசனப் பிரதி வரும், ஒப்பனைப் பெட்டி வரும், ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வருவார், ஆண்டு விழாவுக்கு நடுவர்கள் வருவார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு லோரியில் மேடை வந்து இறங்கும். மேடை என்று மன்றத்துக்குத் தனியாக எதுவும் கிடையாது. லோரியில் வருவது இந்தக் கடையில் அப்போதிருந்த பலகைச் சாப்பாட்டு மேசைகள்தாம். அவற்றைத் திடலில் வரிசையாகப் போட்டு, காலோடு காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டால் மேடை தயார். அன்றைக்குக் கடை வாசலில் ‘புங்குஸ் மட்டும்’ என்று ஓர் அட்டை தொங்கும். பொட்டலம் வாங்கிக்கொண்டு போகலாம், உட்கார்ந்து சாப்பிட முடியாது. வாடிக்கையாளர்கள் முனகுவார்கள். கடைக்காரர் அலட்டிக்கொள்ள மாட்டார். மேசையெல்லாம் நடிக்கப் போயிருக்கு, வந்ததும் வாங்க என்பார்.

அந்தக் கடைக்காரரை நாங்கள் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிட்டோம். மன்றத்தின் கூட்டக் குறிப்புகளில் அவர் மேடைப் பொறுப்பாளர். கட்டம் போட்ட கைலி, வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி. மேடையைக் கட்டி முடித்ததும், முன்பக்கம் தொங்கும் சேலைத் திரையை விலக்கிக்கொண்டு, ஒரு டார்ச் விளக்கும் சுத்தியலும் மரஆப்புகளுமாக மேசைகளுக்கு அடியில் நுழைந்துவிடுவார். திடல் என்றால் மேடும் பள்ளமும் இருக்கும். மேலே நாங்கள் குதித்து ஆட ஆட, கயிறு தளரும், கால்கள் நகரும். எந்தக் கால் நகர்கிறதோ அங்கே தவழ்ந்து போய் ஆப்பை அடித்து இறுக்குவார். நாடகம் முடிகிறவரை கழுத்தைக் குனித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். மாநிலத்தில் அவரளவு நாடகங்களுக்கு வந்திருந்தவர்கள் குறைவு. ஆனால் ஒரு நாடகத்தையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை.

பார்க்காததால் அவருக்குக் கருத்து இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. லோரியில் மேசைகளை ஏற்றும்போதே விமர்சனம் தொடங்கிவிடும். ராஜா நடக்கிற நடையில் ஊர்ப்பயம் தெரியுது, அவன் ராஜா இல்லடா, ஊரெல்லாம் கடன் வாங்கினவன் என்பார். காதலிக்கிற பையனுக்குச் செருப்புக் கடித்திருப்பது வரைக்கும் சொல்லிவிடுவார். தப்பாகவும் சொல்லுவார். கல்லூரி மாணவர்கள் போட்ட ஒரு நாடகத்தில், தோட்டத்து மக்களை வெளியேற்றும் கிராணி, அதாவது தோட்ட அலுவலகக் கணக்கன், கடைசிக் காட்சியில் மனம் மாறி அழுதுவிட்டான் என்று அடித்துச் சொன்னார். கிராணி அழவே இல்லை, கடைசிவரை கல்மனத்தோடுதான் இருந்தான் என்று நாடகத்தை எழுதிய மாணவனே வந்து சொல்லிப் பார்த்தான். “மேலேர்ந்து சொட்டுச்சுடா தம்பி, என் கையில விழுந்துச்சு” என்றார் நானா. காட்சிக்கு வைத்த தண்ணீர்க் குடம் ஓட்டைக் குடம். அதைச் சொல்லியும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றுவரை எனக்கும் அந்த நாடகத்தின் முடிவு நானா சொன்னபடிதான் நினைவில் நிற்கிறது. அவர் கேட்ட நாடகம் நாங்கள் போட்டதைவிடக் கொஞ்சம் இரக்கமுள்ளது.

மஞ்சள் குறி வந்த கதை என் மானத்தோடு தொடர்புடையது. கோத்தா கோலா மூடாவில் என் முதல் மேடை. போலீஸ்காரன் வேடம். திருடனைப் பார்த்ததும் வீரமாக ஒரு பாய்ச்சல் பாய்ந்தேன். இரண்டு மேசைகளுக்கு நடுவில் கயிறு விலகி, என் வலது கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. நானும் விறைப்பாகக் கையை நீட்டியபடியே நிற்கிறேன். கீழேயிருந்து யாரோ என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, “யாரு காலுடா இது?” என்று கேட்டார்கள். கூட்டம் அதையும் நாடகம் என்றே எண்ணிக் கைதட்டியது. அடுத்த வாரமே நானா தம் மேசைகளில் மிகவும் உறுதியானதாக ஒன்றைத் தேர்ந்து, கதவுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் சாயத்தால் குறி போட்டார். எங்கே நாடகம் நடந்தாலும் அந்த மேசை முன்வரிசை நடுவில் வரும். “நீ இங்க நில்லு. இதை விட்டு இறங்கினே, நான் பொறுப்பில்ல” என்றார்.

நின்றேன். பயத்தில் கட்டை விரலைக்கூட அசைக்கவில்லை. காலுக்கும் கைக்கும் வேலை இல்லாமல் போனதால், வர வேண்டியதெல்லாம் முகத்தில் ஏறி வந்தது. புருவம் ஒன்று செய்தது, உதடு வேறொன்று செய்தது, காது தனியாக ஆடியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆண்டு விழாவில் நடுவராக வந்த விரிவுரையாளர் ஒருவர், இவருடைய அடங்கிய நடிப்பு அபூர்வமானது என்று மேடையிலேயே பாராட்டினார். அடங்கியதற்குக் காரணம் மேசை என்று நான் எழுந்து சொல்லவில்லை.

நானாவுக்கு இருந்த இனிப்பு நீர், அந்தச் சர்க்கரை நோய், கண்ணுக்கு வந்து சேர்ந்தது வெகுகாலம் கழித்து. சிகிச்சைக்கு மேல் சிகிச்சையாகப் பார்த்தும், இனி இருக்கிற பார்வையும் மெல்லப் போய்விடும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அதை அவர் மன்றத்தின் கூட்டத்தில்தான் எங்களுக்குச் சொன்னார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியையான எங்கள் தலைவர், வேறு ஏதும் பேச வேண்டியவர்கள் உண்டா என்று கேட்டபோது, கையைத் தூக்கி, கடையில் அரிசி தீர்ந்துவிட்டது என்பது போலச் சொன்னார். கண் போகிறதுக்கு முன்னால் ஒரு தடவை முன்னால் உட்கார்ந்து ஒரு நாடகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, எந்த நாடகம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், மாநிலத்திலேயே சிறந்த குழுவை வரவழைக்கலாம் என்றார்.

நானா என்னைக் காட்டினார். “இவன் நிக்கிற நாடகம்.”

“எந்த நாடகத்தில் நிற்பது?”

“எல்லாத்துலயும் இவன் நிக்கத்தான டீச்சர் செய்யறான்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “மத்தவங்க என்ன பண்றாங்கன்னு எனக்குக் கீழே கேட்டுடும்டா. நீ வந்து நிக்கிறே. ஒரு சத்தமும் இல்ல. சனம் அப்படிச் சிரிக்குது. மேல என்னதான்டா பண்றே நீ?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்க முயன்றேன். குறியைப் போட்டு என்னை நிற்க வைத்தவர் அவர். அங்கே நான் என்ன செய்தேன் என்று இத்தனை காலமும் தெரியாமல் இருந்தவரும் அவர்தான். வாழ்க்கையில் என் முகத்தை ஒருவர் இவ்வளவு ஆசையோடு பார்க்க விரும்பியது அதுவே முதல் தடவை. என் மனைவியிடம் சொன்னேன். அவளும் மறுக்கவில்லை.

சிடாம் கிரித் திடலில் மேடை போட்டோம். மேடைக்கடியில் யார் போவது என்ற கேள்வி வந்தபோது, நானாவின் மகன் வந்து நின்றார். அத்தாவின் நாடகப் பைத்தியத்தால் வியாபாரம் கெடுகிறது என்று குறைபட்டுக்கொண்டே வளர்ந்தவர் அவர். ஆப்பை எப்படிச் சாய்த்து அடிப்பது, எந்த மேசை எப்படிக் கத்தும் என்றெல்லாம் நானா அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். “நீங்க போய் முன்னாடி உட்காருங்க அத்தா, நான் பார்த்துக்கறேன்” என்று மகன் திரைக்குள் நுழைந்தார்.

நாங்கள் எடுத்தது சின்ன நாடகம். மாமியார் வீட்டுக்குப் புது மருமகன் வருகிறான். மாமியார் கரண்டியில் குழம்பை நீட்டி ருசி பார்க்கச் சொல்கிறாள். குழம்பில் உப்பு அள்ளிக் கொட்டியிருக்கிறது. அவன் நின்ற இடத்திலேயே நின்று, அதை விழுங்கி, நல்லாருக்கு என்று சொல்ல வேண்டும். விழுங்குவதற்கும் சொல்வதற்கும் நடுவில்தான் என் முகத்துக்கு வேலை.

குறியின் மேல் வந்து நின்றேன். நேர் எதிரே, முதல் வரிசையில், தோளில் மன்றம் போர்த்திய பொன்னாடையோடு நானா. முதல் வாய் விழுங்கினேன். முகம் தன் வேலையைத் தொடங்கியது. திடல் சிரித்தது. நானாவும் சிரித்தார். ஆனால் கொஞ்சம் தாமதமாக. பக்கத்தில் இருந்தவர் பக்கம் காதைச் சாய்த்து, சிரிப்புச் சத்தம் வந்த பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். ஆலையில் முதலாளி ஆங்கிலத்தில் ஏதோ வேடிக்கை சொல்லும்போது, மற்றவர்கள் சிரித்ததும் அவசரமாக நானும் சிரிப்பேனே, அதே சிரிப்பு. இரண்டாவது வாய்க்கு என் முகத்தை இன்னும் கோணினேன். மறுபடியும் அவர் தாமதமாகத்தான் சிரித்தார். விளக்கு வெளிச்சத்தில் அவருடைய கண்கள் எனக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான் என்றுதான் எங்களிடம் சொல்லி வந்தார். அந்தக் கொஞ்சம் எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது. நாங்கள் பிந்திவிட்டோம்.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். கால் தானாக இறங்கியது. குறியை விட்டு இடது பக்கத்து மேசையில் ஓர் எட்டு. அது பலவீனமான மேசை, வாத்து போலக் கத்தியது. நின்றேன். இன்னோர் எட்டு. பிறகு உப்பு தலைக்கேறியவனாகத் தண்ணீர்ப் பானையைத் தேடி ஓடினேன். மேசைக்கு மேசை தடதடவென்று ஓடி, பானை காலி என்று கண்டு, தயங்கி, மாமியாருக்குக் கேட்காமல் நுனிக்காலில் திரும்பி வந்து, அவள் கரண்டியை மறுபடி நீட்ட, ஒவ்வொரு மேசையாகப் பின்வாங்கினேன். எனக்குக் கீழே சுத்தியல் சத்தம் என் கூடவே ஓடிவந்தது. நான் எந்த மேசையில் இறங்கினேனோ அந்த மேசையின் காலை மகன் தவழ்ந்து வந்து இறுக்கிக்கொண்டிருந்தார்.

திடலில் சிரிப்பு நின்றுவிட்டது. இவனுக்கு என்ன ஆயிற்று என்று மாமியார் வேடம் போட்டவரே வாயைப் பிளந்தார். நான் நானாவைப் பார்த்தேன். அவர் மேடையைப் பார்ப்பதை விட்டுவிட்டார். கழுத்தைக் குனித்து, தலைக்கு மேல் பலகை இருப்பது போல முதுகை வளைத்து, நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தோள்கள் குலுங்கின. அந்தத் திடலில் அப்போது சிரித்தவர் அவர் ஒருவர்தான். தாமதம் இல்லாமல், என் காலோடு சேர்ந்து சிரித்தார்.

ஒப்பனையைக்கூடக் கலைக்காமல் அவரிடம் போனேன். தடவி என் கையைப் பிடித்துக்கொண்டார். முதலில் வந்தது திட்டு. “யாருடா உன்னைக் குறியை விட்டு இறங்கச் சொன்னது? அந்த ஓரத்து மேசை தாங்குமா?” என்றார். கையை மட்டும் விடவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“குழம்புல உப்பு அவ்வளவு அதிகமாடா?”

“கடல், நானா” என்றேன்.

நானா மௌத்தாகி, அடக்கம் செய்து சில காலம் ஆகிறது. மன்றம் இப்போது மண்டபங்களில் விழா நடத்துகிறது. சிமெண்டு மேடை, காதோரம் ஒட்டவைத்த ஒலிவாங்கி, விதவிதமான விளக்குகள். மாணவர்கள் எங்களைவிட நன்றாக நடிக்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. நானும் நடுவர் வரிசையில் கௌரவமாக உட்கார்ந்து தலையாட்டுகிறேன். யார் எங்கே குதித்தாலும் அந்த மேடையில் சத்தமே வருவதில்லை. சில சமயம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்ப்பேன். பக்கத்து நடுவர் நான் தூங்குவதாக நினைத்து முழங்கையால் இடிப்பார்.

நான் இன்று காலை சட்டையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, கல்லாவிலிருந்து நானாவின் மகன் துணியோடு வந்தார். எல்லா மேசைகளையும் மாற்றியவர் இதை மட்டும் ஏன் வைத்திருக்கிறார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. தேநீரைத் துடைத்தார். பிறகு ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்து மடித்து எடுத்துக்கொண்டு, கடையில் ஆள்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, கைலியைச் சுருட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைந்தார். “அண்ணே, மேல கையை ஊனி அழுத்திப் பிடிங்க. அசையாதீங்க” என்று கீழிருந்து குரல் வந்தது.

மஞ்சள் குறியின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றேன். அசையவில்லை. முகம் மட்டும் என்னென்னவோ செய்தது. கீழே இருந்தவருக்கு அது தெரிந்திருக்காது.