ஒரு வாய் சர்க்கரைவள்ளி

மேல்சித்தாமூரில் ஜைனக் குடும்பத்தில் பிறந்து, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவள் நான். எங்கள் வீட்டில் கிழங்கு எதையும் சமைப்பதில்லை. ஒரு கிழங்கைப் பிடுங்கினால் அதில் குடியிருக்கும் எண்ணற்ற உயிர்களும் சேர்ந்து போகும் என்பது எங்கள் நம்பிக்கை. உருளைக்கிழங்கு போண்டாவைக்கூட செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வாசனையாக மட்டும்தான் எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட என்னைத்தான் அங்கன்வாடி வேலை பனமலைப் பக்கத்து ஊர் ஒன்றுக்குக் கொண்டுபோய், கிழங்கின் சத்தைப் பற்றித் தாய்மார்களிடம் பேச வைத்தது.

பேச்சு எனக்கு மனப்பாடம். உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கும் சர்க்கரைவள்ளி கண்ணுக்கு நல்லது. சேப்பங்கிழங்கிலும் சேனையிலும் நார்ச்சத்து உண்டு. மரவள்ளி பசியை அடக்கும், உடம்புக்குத் தெம்பு தரும். ஆனால் தோலைச் சீவி நன்றாக வேகவைக்க வேண்டும். கிழங்கில் புரதம் குறைவு, அதனால் பருப்போ, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையோ சேர்த்துக் கொடுங்கள் என்பேன். ஒருநாள் கூட்டத்தில், வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி கேட்டாள்.

"நீங்க எந்தக் கெழங்கு துன்னுவீங்க டீச்சர்?"

எங்கள் வீட்டில் கிழங்கு கிடையாது என்றேன். மல்லாட்டை மட்டும் மரத்திலா காய்க்கிறது என்று இன்னொருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அது விதை, கிழங்கு இல்லை என்று சொல்லி நானும் சிரித்து வைத்தேன். ஆனால் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது கூச்சமாக இருந்தது. நாக்கில் வைத்தறியாத ஒன்றை நல்லது நல்லது என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேனே என்று தோன்றியது.

அந்த வருஷம் எங்கள் மையத்துக்கு ஒரு பெண் குழந்தை வந்தது. மூன்று வயது. அப்பா அம்மா இருவரும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். காலையில் விட்டால் இருட்டும் நேரத்தில்தான் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். நானும் கடைசி பஸ் வரைக்கும் அதனுடன் இருப்பேன். எடை போடும்போதெல்லாம் வளர்ச்சி அட்டையில் அதன் புள்ளி, எடை குறைவைக் காட்டும் சிவப்பிலேயே விழுந்தது. சத்துமாவு உருண்டையைத் துப்பிவிடும். கலந்த சாதத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்கிவிடும். டாக்டரிடம் அனுப்பினோம். நோய் ஒன்றும் இல்லை, எதையாவது சாப்பிட வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

தை மாதம் எங்கள் சமையல் அக்கா, தன் மதியச் சாப்பாட்டுக்கென்று கொல்லையில் தோண்டிய சர்க்கரைவள்ளியை அவித்துக் கொண்டுவந்திருந்தாள். தூக்குவாளியைத் திறந்ததும் குழந்தை தானாக எழுந்து வந்து பக்கத்தில் நின்றது. எதற்கும் அது அப்படி எழுந்து வந்ததில்லை. அக்கா ஒரு துண்டைத் தோலுரித்து, வறுத்த மல்லாட்டையைப் பொடித்துப் போட்டுப் பிசைந்து நீட்டினாள். குழந்தை அவள் கையைத் தள்ளிவிட்டு என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. அக்கா கிண்ணத்தை என்னிடம் தள்ளினாள். கிழங்கை நான் தொட்டது அன்றுதான் முதல் தடவை. வெதுவெதுப்பாக, விரலில் ஒட்டியது. ஓர் உருண்டை பிடித்து அதன் வாயருகே கொண்டுபோனேன். வாயைத் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தது.

"நீ துன்னு," என்றது.

டீச்சருக்கு வேண்டாம், உனக்குத்தான் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, என் விரலிலிருந்த உருண்டையை அதுவே பிடுங்கி என் உதட்டில் வைத்து அழுத்தியது. அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் வாயைத் திறந்தேன்.

என்னைப் பார்த்துக்கொண்டே அது தானும் ஒரு வாய் தின்றது. பிறகு இன்னொன்று. கிண்ணம் காலியாகிற வரைக்கும் என் மடியை விட்டு இறங்கவில்லை.

வீட்டில் பொழுது இறங்குவதற்குள் சாப்பிட்டுவிடும் வழக்கம். பஸ் தாமதமாகும் நாட்களில் எனக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது. அன்றும் வெறுமனே உட்கார்ந்து வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"கொழந்த சாப்டுச்சா?" என்றார்.

"சாப்டுச்சு."

"அப்ப உடு."

மறுநாள் நான் உபவாசம் இருந்தேன். அவரிடம் சொல்லாத ஒன்று என்னிடம் மிச்சமிருந்தது. அந்தக் கிழங்கு அவ்வளவு ருசியாக இருந்தது. இன்னொரு வாய் வேண்டும்போல் இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. மறுபடி சாப்பிடவில்லை.

அதன் பிறகு குழந்தை என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. மடி மட்டும் வேண்டும். அக்கா நாள் தவறாமல் அவித்துக் கொண்டுவந்தாள். கிழங்கோடு கொஞ்சம் பருப்பு சாதம், பிறகு முட்டை என்று மெல்ல மெல்ல மற்றதும் உள்ளே போனது. பங்குனியில் எடை போட்டபோது புள்ளி சிவப்பைத் தாண்டியிருந்தது. அக்கா அந்த அட்டையை வாங்கி இரண்டு தடவை பார்த்தாள்.

கரும்பு வெட்டு முடிந்ததும் அவர்கள் செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு திங்கட்கிழமை குழந்தை வரவில்லை, அவ்வளவுதான். போகும் முன் என்னிடம் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. அவர்கள் கொடுத்திருந்த நம்பருக்குப் பலமுறை போன் செய்தேன், கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் வரைக்கும், மதியத்தில் மற்றப் பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு உட்கார்ந்தால், கால்மேல் கால் போட வராது. மடியைக் காலியாக விட்டுவைத்தே உட்கார்ந்திருப்பேன்.

சில வருஷங்கள் கழித்து, போன மார்கழியில், செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அதன் அம்மாவைப் பார்த்தேன். நான்தான் முதலில் அடையாளம் கண்டேன். ஓசூர்ப் பக்கம் இருக்கிறார்களாம், பெண் மூன்றாவது படிக்கிறதாம். போனில் போட்டோ காட்டினாள். ரெட்டை ஜடை, நீல யூனிபார்ம், உயரமாகியிருந்தது. பெண்ணுக்கு என்னை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். சின்னதுல போனதுதான," என்றாள், மன்னிப்புக் கேட்பதுபோல.

அந்தப் போட்டோவை எனக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்புறேன் டீச்சர் என்று சொல்லிக்கொண்டே, புறப்பட்ட திண்டிவனம் பஸ்ஸில் ஓடி ஏறினாள். பஸ் பஜார் பக்கம் திரும்பிய பிறகுதான், என் நம்பரை அவள் வாங்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.